தீயணைப்பு வண்டியைப் பக்கத்து நகரத்துக்கு அனுப்பிய கதை

1

டென்மார்க்கில் ஒரு கூட்டத்துக்குக் குறிப்பு எழுதுபவர், வேறெதையும் எழுதமுதல், வந்தவர் யார், வராதவர் யார் என்று எழுதவேண்டும். எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் நான்கு வருடம் அந்த வேலையைச் செய்தவன் நான். பழக்கம் இன்னும் விடவில்லை. ஆகையால் இதையும் அப்படியே தொடங்குகிறேன்.

வந்திருந்தவர்கள்: நிலையப் பொறுப்பாளர் ஹென்னிங். முதியோர் பராமரிப்பில் வேலை செய்யும் டோர்த்தே. நிலையத்தின் மற்றைய பதினொரு பேர். நான். ஆக, பதினான்கு பேரும். முன்வரிசையில் மாட்டுப்பண்ணைக்காரர் ஹோல்கர். அவருக்குப் பின்னால் ஊரில் அரைவாசிப் பேர். கொமூனவிலிருந்து இரண்டு அதிகாரிகள். கொமூன என்பது நாங்கள் விட்டுவந்த நாட்டின் பிரதேச சபை மாதிரி. ஆனால் பள்ளிக்கூடம், முதியோர், தெரு, தீயணைப்பு எல்லாமே அதன் கையில்.

வராதவர்கள்: இந்த விடயத்தில் வாக்களிக்கப்போகிற சபை உறுப்பினர்கள். ஒருவர்கூட வரவில்லை. என் அப்பாவும் வரவில்லை. என்னை மண்டப வாசலில் இறக்கிவிட்டு, காரை ஓரமாக நிறுத்தி அதற்குள்ளேயே இருந்தார். "நான் உள்ளுக்கு வந்து என்ன செய்யிறது தம்பி. நீ போ. முடிய வா" என்றார்.

எங்கள் நிலையத்தை மூடி, பத்தொன்பது கிலோமீற்றர் தள்ளியிருக்கும் பக்கத்து நகரத்தின் நிலையத்தோடு சேர்ப்பதா, விடுவதா என்பதுதான் கூட்டத்தின் விடயம். அதிகாரிகளில் இளையவர் ஒரு பெண். பண்பானவர், குரலை உயர்த்தாதவர். சுவரில் படங்களைப் போட்டுக் காட்டினார். முதலாவது ஒரு வரைபடம். இரண்டாவது ஓர் அட்டவணை. அந்த அட்டவணையைச் செய்தவன் நான்.

வண்டி போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். டெனிஷ் மொழியில் பேசியவர்களின் பேச்சை எங்கள் பேச்சாகவே எழுதுகிறேன். இங்கே பெரியவர் சிறியவர் என்று இல்லை, எல்லோரும் எல்லோருக்கும் "நீ" தான். அறுபது வயது ஹென்னிங்கை நான் நீ என்றுதான் கூப்பிடுவேன். முதல் வருடம் அது என் வாயில் வரவில்லை. அவரைக் கூப்பிடாமலே, முன்னால் போய் நின்று கதைத்துக்கொண்டிருந்தேன்.

2

தாய்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கவேண்டும். டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில், சிறிய ஊர்களில் சம்பளத்துக்கு இருபத்துநான்கு மணித்தியாலமும் காத்திருக்கிற தீயணைப்புக்காரர் இல்லை. ஊரில் வேறு வேலை பார்க்கிறவர்கள்தான் தீயணைப்புக்காரர். ஹென்னிங் குழாய் வேலை செய்பவர். இன்னொருவர் பள்ளிக்கூடத்துப் பராமரிப்பாளர். நான் கால்நடைத் தீவனத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் மாவின் ஈரப்பதம் பார்க்கிறவன். இடுப்பில் பேஜர் இருக்கும். அது கத்தினால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடவேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் வண்டி வெளியே போகவேண்டும். வண்டியில் குறைந்தது நான்கு பேர் இருக்கவேண்டும். நான்கு பேர் இல்லாவிட்டால், காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு புகைக்குள் யாரும் இறங்கமுடியாது. வெளியே நின்று தண்ணீர் அடிக்கலாம், அவ்வளவுதான்.

நான் சேர்ந்தது வீரத்தால் அல்ல. ஆய்வுகூடப் படிப்பை முடித்து இந்த ஊரில் வேலை கிடைத்த முதல் மாதம், மத்தியானச் சாப்பாட்டு மேசையில், அதே தொழிற்சாலையில் வேலை செய்யும் டோர்த்தேயின் கணவன் என்னிடம் கேட்டான், பகலில் ஊரில் இருக்கிறாயா என்று. ஓம், இங்கேதானே வேலை என்றேன். "அப்ப உன்னைத்தான் தேடிக்கொண்டிருக்கிறம்" என்றான். இந்த நாட்டுக்கு வந்து பதினைந்து வருடத்தில் என்னை யாரோ தேடிக்கொண்டிருந்ததாக ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த வசனத்துக்காகத்தான் சேர்ந்தேன் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு இது விளங்கவேயில்லை. "படிச்சுப்போட்டு நெருப்புக்குள்ள போறதோ? அதுக்கு இந்த நாட்டுக்காரர் இருக்கினம்தானே" என்றார். அப்பா வேறு கேள்வி கேட்டார்: "யூனிபோம் தருவினமோ? உன்ர பேர் எழுதியிருக்குமோ?"

ஓம், எழுதியிருக்கும் என்றேன். அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது.

பிறந்த ஊரைப்பற்றி எனக்கு அதிகம் ஞாபகம் இல்லை. எட்டு வயதில் வந்தவன். ஆனால் ஒரு நெருப்பு ஞாபகம் இருக்கிறது. ஒழுங்கையின் கடைசி வீட்டில் அடுப்படி பற்றியது. ஒருவரும் ஒருவரையும் கூப்பிடவில்லை, ஒருவரும் நில் என்று சொல்லவில்லை. கிணற்றிலிருந்து அடுப்படி வரை ஆட்கள் வரிசையாக நின்றார்கள், வாளி கைமாறிக்கொண்டே போனது. வீடு பாதி எரிந்துதான் போனது. டென்மார்க்கில் பயிற்சி எடுத்த முதல் நாள், ஹென்னிங் கேட்டார், தீயைப்பற்றி உனக்கு என்ன தெரியும் என்று. இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அந்த வரிசையில நடுவில நிண்டவைக்கு நெருப்பு தெரியாது, வாளி மட்டும்தான் தெரியும். அவைதான் கெட்டிக்காரர்" என்றார்.

3

இனி, எங்கள் வீட்டின் சட்டம் ஒன்றைச் சொல்லவேண்டும். அது விளங்காவிட்டால் நான் செய்த பிழை விளங்காது.

அப்பா நாலாம் வகுப்போடு நிறுத்தியவர். அம்மா பள்ளிக்கூடமே போகவில்லை. அப்பா முதலில் தனியாக வந்தார். அகதி விசாரணையில், தன் தம்பியைப் பிடித்துக்கொண்டு போன நாளைக் கேட்டார்கள். பங்குனி இருபது என்றார். நாங்கள் மார்ச் மாதத்தைப் பங்குனி என்றுதானே சொல்கிறோம். மொழிபெயர்ப்பாளர் மார்ச் இருபது என்று எழுதினார். பிறகு எங்களைக் கூப்பிடுவதற்கான அலுவலில், அம்மாவுக்காகப் பக்கத்துவீட்டு வாத்தியார் ஒரு கடிதம் எழுதினார். அவர் பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சரியாக எழுதுகிறவர். பங்குனி இருபது என்றுதான் அவரும் எழுதினார், பக்கத்தில் ஆங்கில மாதத்தையும் போட்டுவிட்டார்: ஏப்ரல் இரண்டு.

ஒரே ஆள், ஒரே நாள், இரண்டு திகதி. குடிவரவுக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது, தகவல்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று. அதைத் திருத்தி, விளக்கம் எழுதி, திரும்ப விசாரித்து முடிய இரண்டு வருடம். அந்த இரண்டு வருடமும் நான் அப்பாவைப் போட்டோவில்தான் பார்த்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். அரசாங்கத்துக்குப் போகிற எந்தக் கடுதாசியும் முழுசாக இருக்கவேண்டும். ஒன்றும் குறையக்கூடாது, ஒன்றும் மறையக்கூடாது. கேட்டது ஒன்றென்றால் பக்கத்தில் இருக்கிற இரண்டையும் சேர்த்துக் கொடு. பிறகு அவர்களாகக் கண்டுபிடித்தால் நீ பொய்யன். பத்து வயதிலிருந்து வீட்டுக் கடிதங்களை எல்லாம் நானே எழுதினேன், அப்பா பக்கத்தில் கதிரை போட்டு இருப்பார். "எல்லாம் எழுதினனியோ?" என்பார். "ஓம் அப்பா." "எல்லாம் எண்டால் எல்லாம்." அப்பாவுக்கு அந்த எழுத்துகளை வாசிக்கத் தெரியாது. பக்கத்தைத் தூக்கிப் பார்த்து, நிறைய எழுதியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

4

நிலையங்களைச் சேர்க்கிற திட்டம் வந்ததும் கொமூன எட்டு வாரம் தவணை கொடுத்தது, ஊரார் கருத்துச் சொல்வதற்கு. இங்கே இது ஒரு முறை. முடிவெடுக்கமுதல் எல்லோரிடமும் எழுத்தில் கேட்பார்கள்.

ஊரார் எழுதினார்கள். முதலாம் வகுப்புப் பிள்ளைகள் சிவப்பு வண்டி கீறி அனுப்பினார்கள். தேவாலயத்துப் போதகர் ஒரு பக்கம் எழுதினார். ஹோல்கர் இரண்டே வரி: "என் அப்பாவின் காலத்திலிருந்து வண்டி இங்கே நிற்கிறது. அது நிற்கட்டும்." நிலையத்தின் சார்பில் எழுதவேண்டிய பதிலை ஹென்னிங் என்னிடம் தந்தார். "நீதான் எங்களுக்குள்ள எழுதத் தெரிஞ்சவன். வடிவா எழுது" என்றார்.

மூன்று வாரம் எழுதினேன். வேலை முடிந்து நிலையத்துக்குப் போய், பயணப் பதிவுப் புத்தகங்களை எடுத்து வைத்து, மூன்று வருடத்தின் ஒவ்வோர் அழைப்பையும் அட்டவணையாக்கினேன். எத்தனை மணிக்கு பேஜர் அடித்தது, எத்தனையாவது நிமிடத்தில் வண்டி வெளிக்கிட்டது, எத்தனை பேர் வந்தார்கள். முதற்பக்க அட்டவணை மாலையும் சனி ஞாயிறும்: ஐம்பத்தெட்டு அழைப்பு, ஒருமுறையேனும் எட்டுப் பேருக்குக் குறைந்ததில்லை. எழுதும்போது பெருமையாக இருந்தது. இரண்டாம் பக்கம் வேலை நாளின் பகல்: இருபத்தாறு அழைப்பு. அதில் ஒன்பது தடவை நான்கு பேர் சேரவில்லை. எங்களில் பாதிப் பேருக்கு வேலை வெளியூரில், அதுதான் காரணம். அந்த ஒன்பது தடவையும் பக்கத்து நகரத்து வண்டி வரும்வரை வெளியே நின்றோம்.

என் தங்கை ஆரணி ஓல்போர்க் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், இங்கே பிறந்தவள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை வருவாள். தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் வரும். அன்று வந்தவள் என் கணினியில் இருந்ததை வாசித்துவிட்டுக் கேட்டாள்:

"இரண்டாம் பக்கம் என்னத்துக்கு?"

"அதுவும் நடந்ததுதானே."

"அவை அதைக் கேட்கேல்லையே அண்ணா. உங்கட கருத்து என்னெண்டுதான் கேட்டிருக்கினம்."

"மறைக்கச் சொல்லுறியோ?"

"மறைக்கிறது வேற, சொல்லாமல் விடுறது வேற. இஞ்சை எல்லாரும் அப்பிடித்தான் எழுதுறவை. நீ இன்னும் விசாரணையில இருக்கிற மாதிரி எழுதுறாய்."

அப்பா குசினியிலிருந்து வந்தார். "என்ன சொல்லுறாள்?" என்று என்னைக் கேட்டார். அப்பாவுக்கும் அவளுக்கும் நடுவில் நான் எப்போதும் மொழிபெயர்ப்பாளன். இரண்டாம் பக்கம் வேண்டாம் என்கிறாள் என்றேன். அப்பா அவளைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பிள்ளை, நீ ஒண்டும் இழந்து பாக்கேல்லை."

ஆரணிக்கு அந்தத் தமிழ் விளங்கியது. எழுந்து மேலே போய்விட்டாள்.

பதினொரு பக்கம். ஹென்னிங் வாசிக்கவில்லை. கனம் பார்ப்பதுபோல் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு ஒப்பம் வைத்தார். அப்பா பார்க்கிற அதே மாதிரி.

5

ஆகவே அந்த மண்டபத்தில், சுவரில், இரண்டாவது படமாக என் இரண்டாம் பக்கம்.

அதிகாரி பொய் ஒன்றும் சொல்லவில்லை. "நிலையமே தந்த தகவலின்படி" என்று தொடங்கினார். வேலை நாட்களின் பகலில் மூன்றில் ஒரு பங்கு அழைப்புக்கு இந்த நிலையத்தால் முழு அணியை அனுப்ப முடியவில்லை. பாதுகாப்பு எல்லா நேரத்திலும் சமமாக இருக்கவேண்டும். பெரிய நிலையத்தில் அது சாத்தியம். "இவ்வளவு நேர்மையாகத் தகவல் தந்ததற்கு நிலையத்துக்கு நன்றி" என்றும் சொன்னார். அதை அவர் மனதாரத்தான் சொன்னார். முதற்பக்கம் சுவரில் வரவில்லை.

மண்டபத்தில் ஒருவரும் கத்தவில்லை. இந்த ஊர்க்காரர் கத்தமாட்டார்கள். கதிரைகள் மட்டும் அசைந்தன. ஒவ்வொருவராகத் திரும்பி ஹென்னிங்கைப் பார்த்தார்கள், பிறகு ஹென்னிங்குக்குப் பக்கத்தில் இருந்த என்னை. நான் எழுந்து, முதற்பக்கமும் இருக்கிறது, மாலையில் நாங்கள் குறைந்ததில்லை என்று சொன்னேன். சொல்லும்போது எண்ணை மாறிச் சொல்லிவிட்டேன். ஐம்பத்தெட்டு என்பதற்கு எண்பத்தைந்து என்று வந்தது. டெனிஷில் ஐம்பத்தெட்டை 'எட்டும் ஐம்பதும்' என்று பின்பக்கமாகச் சொல்வார்கள்; எண்ணை இன்றைக்கும் நான் தலையில் ஒருமுறை திருப்பித்தான் சொல்கிறேன். அதிகாரி தாளைப் பார்த்து, "இங்கே ஐம்பத்தெட்டு என்று இருக்கிறதே" என்றார். ஓம், ஐம்பத்தெட்டு என்று உட்கார்ந்தேன்.

கோப்பி குடிக்கும்போது டோர்த்தே என் பக்கத்தில் வந்து நின்றாள். எங்களுக்குள் வாய் அவளுக்குத்தான் பெரிது.

"சஞ்சீவன், உன்னட்ட ஒரு ரகசியம் சொன்னால் அடுத்த கிழமை அது அட்டவணையா வரும் என்ன?"

மூன்று நான்கு பேர் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேக் துண்டொன்றை என் தட்டில் வைத்தாள். "தின். செத்தவீட்டில நிக்கிற மாதிரி நிக்காதை."

ஹென்னிங் கடைசியாகத்தான் வந்தார். "நான் வாசிக்காமல் ஒப்பம் வைச்சனான். அது என்ர பிழை" என்றார்.

"வாசிச்சிருந்தால் எடுத்திருப்பியோ?"

கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்தார். "ஓம். எடுத்திருப்பன்."

அவர் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

வெளியே அப்பா காருக்குள் விழித்தபடி இருந்தார். "என்ன மாதிரி? உன்ர கடுதாசியைப் பாத்தவையோ?" என்று கேட்டார்.

"ஓம் அப்பா. எல்லாரும் பாத்தவை."

"நல்லது" என்று காரை எடுத்தார்.

6

இரண்டு மாதத்தில் சபை முடிவெடுத்தது. அவர்கள் எப்படியும் இதைத்தான் செய்திருப்பார்கள், கூட்டத்துக்கு முன்னாலேயே முடிவு வந்துவிட்டது என்று சிலர் சொன்னார்கள். இருக்கலாம். அது எனக்குத் தெரியாது, தெரியவும் போவதில்லை.

வண்டியை எடுக்க ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். எங்கள் உடுப்புகள், தலைக்கவசங்கள், காற்றுச் சிலிண்டர்கள் எல்லாவற்றையும் எண்ணிக் கொடுத்தோம். பொருட்பட்டியல் எழுதியவனும் நான்தான். பதினான்கு பேரும் பக்கத்து நகர நிலையத்தில் சேர விண்ணப்பிக்கலாம் என்று கடிதம் வந்தது. விண்ணப்பித்தால், அந்த நிலையத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் வசிக்கவேண்டும். ஒருவரும் அங்கே வசிக்கவில்லை. ஒருவரும் சேரவில்லை. சேர்க்கிறது என்ற சொல்லை எல்லாத் தாளிலும் வாசித்தேன். எங்களில் ஓர் ஆளும் எதோடும் சேரவில்லை.

நிலையக் கதவில் புதுப் பூட்டு வந்தது. பேஜரையும் கொடுத்துவிட்டோம். ஆனால் எங்கள் ரெலிபோன் குழுவை ஒருவரும் அழிக்கவில்லை. டோர்த்தே அதில் சில நாட்களில் பிறந்தநாள் வாழ்த்துப் போடுவாள்.

ஊரில் ஒருவரும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. கடையில் வணக்கம் சொன்னார்கள், தொழிற்சாலையில் உப்பைக் கேட்டால் தந்தார்கள். ஆனால் எழுதவேண்டிய எதையும் என்னிடம் தரவில்லை. ஊர்ச் சங்கத்தின் கூட்டக் குறிப்பை இப்போது போதகர் எழுதினார். எனக்கு முன்பு எவ்வளவு சின்ன வேலைகள் இருந்தன என்பது அவை நின்றபிறகுதான் தெரிந்தது. அப்பாவிடம் இதை நான் சொல்லவில்லை. அந்த விடயத்தில் நான் எல்லாவற்றையும் சொல்லவில்லை.

7

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, காலை பதினொரு மணி. ஆரணி வந்திருந்தாள். அம்மா தோசைக்கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார். குழுவில் டோர்த்தேயின் ஒரு வரி வந்தது: ஹோல்கரின் கன்றுக்கொட்டில்.

ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது ஹென்னிங் நின்றார். இரண்டு நிமிடத்தில் ஒன்பது பேர், ஐந்து நிமிடத்தில் பதினான்கு பேரும். சனிக்கிழமை அல்லவா, எல்லோரும் வீட்டில். தோட்ட வேலை உடுப்போடு, ஒருவன் முகத்தில் சவர நுரையோடு. எல்லோரும் வந்துவிட்டோம். வண்டி மட்டும் பத்தொன்பது கிலோமீற்றரில்.

கொட்டிலின் மறுகோடியில் வைக்கோல் அடுக்கியிருந்த பக்கம் பற்றியிருந்தது. கன்றுகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பெட்டி பெட்டியாக நின்றன. ஹென்னிங் வாசல் பக்கத்துப் பெட்டிகளைத் திறக்கச் சொன்னார். குனிந்து போய் ஒவ்வொன்றாக இழுத்தோம். கன்று பயந்தால் வெளியே வராது, உள்ளே மூலைக்குத்தான் போகும். காலைப் பிடித்து, கழுத்தைப் பிடித்து, தூக்கிக்கொண்டு வந்தோம். புகை கூரையிலிருந்து கீழே இறங்கி வந்துகொண்டிருந்தது. முதலில் தலை மட்டம், பிறகு இடுப்பு மட்டம்.

"நிப்பாட்டுங்கோ" என்றார் ஹென்னிங். "இனி ஒருத்தரும் உள்ளுக்குப் போறேல்லை."

சிலிண்டர் இருந்தால் போயிருப்போம். அதற்குத்தான் எங்களைப் பழக்கியிருந்தார்கள். இரண்டு பேர் இரண்டு பேராக, கயிற்றோடு, எத்தனையோ சனிக்கிழமைகள் அதையே செய்து பார்த்தவர்கள் நாங்கள். சிலிண்டர் இல்லாமல் போகக்கூடாது என்பதையும் அதே ஆட்கள்தான் பழக்கினார்கள்.

ஹோல்கர் கேட்கவில்லை. முகத்தைச் சட்டையால் மூடிக்கொண்டு வாசலுக்குப் போனார். நான் வலது கையைப் பிடித்தேன், டோர்த்தே இடது கையை. அறுபத்தெட்டு வயது ஆள், எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு மூன்றடி போனார்.

"விடு."

"ஏலாது ஹோல்கர்."

"விடு எண்டு சொல்லுறன். அதுகள் கத்துதுகள்."

கத்தின. அதைப்பற்றி நான் எழுதமாட்டேன். பிறகு கத்தவில்லை. அவர் கை என் கைக்குள் தளர்ந்ததை உணர்ந்தேன். அப்போதும் விடவில்லை.

வண்டி வந்தது. நல்ல வண்டி, எங்களுடையதைவிடப் பெரியது. ஆறு பேர் முழு உடுப்போடு இறங்கினார்கள், ஒரு வினாடியையும் வீணாக்கவில்லை. பாதையில் நின்ற எங்களைப் பார்த்து அவர்களில் ஒருவன், "ஊர்ச்சனம் கொஞ்சம் விலகி நில்லுங்கோ" என்றான். விலகி நின்றோம்.

வீட்டுக்கு வந்தபோது ஆரணி வாசலில் நின்றாள். சட்டையெல்லாம் கரி. ஒன்றும் கேட்காமல் சப்பாத்தைக் கழற்ற உதவினாள். "அண்ணா, நீ தண்ணி குடி" என்றாள். தமிழில் சொன்னாள். அப்பா, எத்தனை மாடு என்று கேட்டார். மாடு இல்லை அப்பா, கன்று என்றேன். பிறகு, எங்களிடம் வண்டி இருந்தால் நான்கு நிமிடத்தில் போயிருப்போம் என்றும், வண்டி போனதற்கு என் இரண்டாம் பக்கமும் ஒரு காரணம் என்றும், முதல் தடவையாக அவருக்குச் சொன்னேன்.

அப்பா கதிரையில் இருந்து தன் கைகளைப் பார்த்தார். இருபது வருடம் பன்றி வெட்டுகிற தொழிற்சாலையில் நின்ற கை, இரண்டு விரல் மடங்காது.

"அப்ப நான் சொன்னது பிழையோ?" என்று கேட்டார்.

 தெரியாது அப்பா என்றேன். அதைக் கேட்டு அவர் தலையசைத்தார். எங்கள் வீட்டில் ஒரு கேள்விக்கு அப்படி ஒரு பதில் வந்ததில்லை.

8

இரண்டு கிழமை கழித்து ஹோல்கர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன்னர் அவர் எங்கள் படலை தாண்டியதில்லை. சப்பாத்தை வாசலில் கழற்றி, காலுறையோடு உள்ளே வந்து, மேசையில் காப்புறுதிக்காரரின் படிவத்தையும் கொமூனவுக்கு எழுதவேண்டிய முறைப்பாட்டின் வெற்றுத்தாளையும் வைத்தார். அம்மா தேநீரும் வடையும் கொண்டுவந்து வைத்தார். அவர் வடையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, கேள்வி கேட்காமல் தின்றார்.

"நீ எழுது" என்றார்.

"போதகர் நல்லா எழுதுவார்."

"அவர் வடிவா எழுதுவார். எனக்கு வடிவு வேண்டாம். நீ எழுதினால் ஒண்டையும் விடமாட்டாய் எண்டு இந்த ஊருக்கே தெரியும்."

அது மன்னிப்பு இல்லை. அவர் குரலில் அப்படி ஒன்றும் இருக்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

கணினியைத் திறந்தேன். அப்பா ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்து, வழக்கமான இடத்தில், என் பக்கத்தில் இருந்தார். ஹோல்கரைப் பார்த்துத் தலையசைத்தார். ஹோல்கரும் தலையசைத்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது.

அழைத்த நேரம், பதினொரு மணி இரண்டு நிமிடம். வண்டி வந்த நேரம், பதினொரு மணி இருபத்தொரு நிமிடம். ஊரில் நின்ற பயிற்சி பெற்றவர்கள் பதினான்கு பேர். அவர்கள் வந்துசேர எடுத்த நேரம், ஐந்து நிமிடம். அவர்களிடம் இருந்த உபகரணம், ஒன்றுமில்லை.

"நீங்கள் நிண்டதை எழுதினியோ?" ஹோல்கர் கேட்டார்.

"எழுதினனான்."

"நீ என்ர கையைப் பிடிச்சு வைச்சிருந்ததையும் எழுது."

எழுதினேன். எத்தனை நிமிடம் என்று கேட்டார். எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஏறக்குறைய பத்து என்றேன். "ஏறக்குறைய எண்டு போடு" என்றார்.

எங்கள் நிலையம் இருந்திருந்தாலும், அதுவொரு வேலை நாளின் பகலாக இருந்திருந்தால் நான்கு பேர் சேராமல் போயிருக்கலாம் என்பதையும் எழுதவா என்று கேட்டேன். ஹோல்கர் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். 

"அது உண்மையோ?"

"உண்மை."

"அப்ப போடு. கீழை, அது சனிக்கிழமை எண்டும் போடு."

போட்டேன்.

படிவத்தின் கடைசியில், இழந்தவற்றின் விபரம் என்று ஒரு கட்டம். இங்கே ஒவ்வொரு மாட்டுக்கும் பிறந்த கிழமையிலேயே காதில் மஞ்சள் தகடு போட்டு, அதில் ஓர் எண் கொடுக்கிறார்கள். ஹோல்கர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்தார். கண்ணாடி போட்டார். எண்களை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினார். நான் ஒவ்வொன்றையும் தட்டினேன். டெனிஷ் எண்ணைத் தலையில் திருப்ப எனக்கு நேரம் தேவை என்று தெரிந்தவர்போல், ஒவ்வொன்றின் பிறகும் நிறுத்தி, என் விரல் நிற்கும்வரை காத்திருந்தார். இடையில் ஓர் எண்ணில், "இது வெள்ளிக்கிழமைதான் பிறந்தது" என்றார். அதற்குப் படிவத்தில் இடம் இல்லை.

முடித்துக் கொப்பியை மூடினார். கீழே மொத்தம் என்ற இடத்தில், ஒருமுறை மேலிருந்து கீழேயும், ஒருமுறை கீழிருந்து மேலேயும் எண்ணிப் பார்த்து எழுதினேன்: கன்றுகள், முப்பத்தொன்று.